டிக்கியையும் சேர்த்து மூணு கதவு

நீங்க இந்த வண்டியை வாங்காதீங்கக்கா.

நேராச் சொல்லிடறேன், சுத்தி வளைக்க எனக்கு வராது. உங்க வீட்டுக்கார அண்ணன் எதிர்ப் பட்டறைக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரப் போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள உங்ககிட்ட தனியாப் பேசணும்னுதான் வண்டியை இந்த வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அவர்கிட்ட பேசிப் பிரயோசனம் இல்லை. காலேஜில் படிக்கும்போதே இந்த வண்டி மேல ஆசைன்னு சொன்னாரே, பானெட்டைத் தடவினப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த மாதிரி ஆள்கிட்ட என்ன சொன்னாலும் ஏறாது. எனக்கே ஏறாது. நீங்க "வேண்டாம்ங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. கரூரில் இருந்து திண்டுக்கல் வரைக்கும் அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்கங்க.

ஏன்னா இது என் வண்டி. விற்கிறது எங்கம்மா.

அம்மா ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறாள். "மூணு கதவு வண்டி, மூணு பேரு வந்து பாக்கட்டும். மூணு பேரும் வேணாம்னுட்டா நீயே வச்சுக்க." முதலில் ஒருத்தர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மா பின்சீட்டில் ஏறி, ஒரு சுற்றுப் போய் இறங்கினதும் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். அடுத்து வத்தலக்குண்டுப் பசங்க நாலு பேர். பின்னால் யார் உட்காருவதென்று நம்ம வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டு, போன் பண்றோம்னு போனவர்கள்தான். நீங்கதான் மூணாவது. என் வண்டி இப்ப உங்க வாயில இருக்கு.

பின்னாடி புழுங்குதாக்கா? நின்ன வண்டியில் ஏசி ஓட்டினால் இன்ஜின் சூடாகும், அதான் அணைச்சுட்டேன். அந்தப் பக்கக் கண்ணாடி இறங்காது. பின்பக்கம் இறங்குகிற கண்ணாடியே இதில் கிடையாது. அந்தக் கொக்கியைத் தள்ளினீங்கன்னா ஒரு விரல்கடை திறக்கும். காத்து வராது, ஆனா திறந்த மாதிரி இருக்கும்.

விளம்பரத்தில் மூணு கதவுன்னு பார்த்துட்டு, "மிச்சக் கதவு எங்கப்பா, ஆக்ஸிடென்டா?"ன்னு போனில் கேட்டவங்க இருக்காங்க. முன்னாடி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பின்னாடி டிக்கி. டிக்கியையும் சேர்த்து மூணு. பின்சீட்டுக்குத் தனிக் கதவு இல்லை. முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏறலாம், இறங்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரெண்டு கதவு கூடின வண்டிதான் ஊர் பூரா ஓடுகிறது. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. இதைப் பக்கவாட்டில் நின்று பாருங்க, மூக்கில் ஆரம்பிச்ச கோடு வால் வரைக்கும் நிற்காமல் போகும். கதவைத் திறந்தால் அது ஒரு றெக்கை.

கம்பெனிக்காரன் இந்த மாதிரியைக் கொஞ்ச நாள்தான் விட்டான். ஜனங்க வாங்கலை, நிறுத்திட்டான். வெளிநாட்டில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இதுதானாம். இப்ப அங்கேயும் ஒவ்வொருத்தனா கைகழுவிட்டான்னு யூடியூபில் ஒருத்தர் அழாத குறையாகச் சொன்னார். ஏனாம்? கைக்குழந்தையைப் பின்னால் உட்கார வைக்க முடியலையாம். வயசானவங்களுக்கு முதுகு பிடிக்குதாம். ஒரு அழகான பொருளைக் கொல்லணும்னா அதுல ஒரு குடும்பத்தை ஏத்தினாப் போதும்க்கா.

என் பேர் பிரிட்டோ. பிளஸ் ஒன்னோடு நின்னுட்டேன். பெயிலாகி இல்லை, பிடிக்காமல். கார் டெக்கார் கடையில் வேலை பார்க்கிறேன்: சீட் கவர், சன் பிலிம், ஸ்பீக்கர். வண்டி வாசனை இல்லாத இடத்தில் என்னால் உட்கார முடியாது. அந்த வாசனை ஆரம்பிச்சதே இந்த வண்டியில்தான். எனக்கு ஆறு வயசு இருக்கும்போது கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த ஒருத்தரிடம் இருந்து அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா பேர் இன்னாசி. பஸ் ஸ்டாண்டு பின்னால் ஹார்டுவேர் கடை. பூட்டு, தாழ்ப்பாள், கீல், கதவுக் கைப்பிடி என்று கதவு சம்பந்தப்பட்ட எதைக் கேட்டாலும் எங்க கடையில் இருக்கும். பெண்டாட்டி பேரில் வாங்கினால் ராசி என்று யாரோ சொல்ல, வண்டியை அம்மா பேரில் எழுதினார். சகாயமேரி. சும்மா ராசிக்கு.

அப்பா ஓட்டுவார். நான் முன்னால், அவர் பக்கத்தில். அம்மா பின்னால். அம்மாவுக்குப் பின்சீட்டுதான் பிடிக்கும்.

இல்லக்கா, அவள் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கு, இத்தனை வருஷமா அங்கதானே உக்காந்தா?

அம்மா வீட்டில் இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போடுகிறாள். காலையில் அப்பா கடைக்குப் போகிற வழியில் மாவு வாளிகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொள்வார். முதலில் அம்மா ஏறுவாள், அப்புறம் வாளிகளை அவள் காலடியிலும் மடியிலும் வைப்போம், அப்புறம் சீட்டைத் தள்ளி நான் உட்காருவேன். அழகாக அடங்கிவிடும். ஒரு சொட்டு சிந்தியதில்லை. இந்த வண்டியில் இடமில்லை என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இடது முன்சீட்டை மடக்குகிற லிவர் ரொம்ப நாளைக்கு முன்னாலேயே அறுந்துவிட்டது. அது ஒன்றும் பெரிய குறை இல்லை. அப்பா கீழே, கதவு ஓரமாக ஒரு கம்பி கட்டிவிட்டார். வெளியில் நிற்கிறவர் குனிந்து இழுத்தால் சீட்டு மடங்கும். உள்ளே இருந்து எட்டாது, அவ்வளவுதான். அண்ணன் உங்களை ஏத்தும்போது நான்தானே இழுத்தேன், பார்த்தீங்கள்ல? பட்டுன்னு வந்துது.

"ஏங்க, கடை நிறைய கொக்கி வச்சிருக்கீங்க, இந்த லிவரை மாத்தப்படாதா?" என்று அம்மா கேட்பாள்.

"அதான் நாங்க தொறந்து விடறோமே" என்பார் அப்பா.

நியாயம்தானே?

ஒரு தடவை மட்டும் மறந்துட்டோம். அதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. எங்க சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடியாது. அப்பாவின் மாமா மகள் கல்யாணம், வேடசந்தூரில் ஒரு மண்டபம். மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தினதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். நான் பிரியாணி வாசனை பிடித்துக்கொண்டு ஓடிவிட்டேன். அப்பா பழக்கத்தில் சாவியை அமுக்கிப் பூட்டிவிட்டார். அம்மா உள்ளே. அவள் போன் அப்பா சட்டைப் பையில். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் அத்தை வந்து, "எங்க சகாயத்தைக் காணோம்?" என்கிறாள். அப்பா எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே யோசிக்கிறார். நாங்கள் வெளியே ஓடி வந்தால், அம்மா டிரைவர் சீட்டோரம் கையை விட்டு டிக்கியைத் திறக்கிற கொக்கியை எப்படியோ இழுத்துவிட்டிருக்கிறாள். வாட்ச்மேன் டிக்கியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், பட்டுப்புடவையோடு அம்மா தவழ்ந்து வெளியே வருகிறாள். பூவெல்லாம் கலைஞ்சு, முகமெல்லாம் வேர்வை. போட்டோகிராபர் முதற்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். அப்பா சும்மா இருப்பாரா? "நம்ம வீட்டுச் சாமான் டிக்கியில வந்து எறங்கிருச்சு!" மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பேர் டிக்கி மேரி. சின்னப் பிள்ளைகள்கூட டிக்கி சித்தி என்றுதான் கூப்பிடும்.

நீங்க சிரிக்கலையே.

பரவால்ல, நேரில் பார்த்திருந்தா சிரிச்சிருப்பீங்க. அம்மாவே சிரித்தாளே. கொஞ்ச நேரம் கழித்து.

நான் புதுநன்மை, அதான் முதல் தடவை நற்கருணை, வாங்கின அன்று கோயில் வாசலில் வைத்து அப்பா சொன்னார். "பதினெட்டு முடியட்டும்டா பிரிட்டோ, சாவி உன் கையில." அம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள். இல்லை, வண்டிக்குள் இருந்தாள். ஆனால் கேட்டிருக்கும். நான் படிப்பை விட்டபோது எல்லாரும் திட்டினார்கள், அப்பா மட்டும், "படிப்பைத்தான் விட்டே, வண்டியையாவது ஒழுங்கா வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டேனே! முதல் சம்பளத்தில் இருந்து எல்லாம் இதற்குத்தான். டிரைவருக்கு இந்த ரேஸிங் சீட்டு நான் போட்டது. உடம்பை அப்படியே கவ்விப் பிடிக்கும். மடங்காது, ஒரே வார்ப்பு. உங்களுக்குப் பின்னால் டிக்கியை அடைத்துக்கொண்டு இருக்கே, அந்த ஸ்பீக்கர் பெட்டி, அதுவும் நான்தான். போல்ட் போட்டு இறுக்கியிருக்கேன், அசையாது. வால்யூம் வைத்தால் முதுகில் யாரோ குத்துகிற மாதிரி இருக்கும் என்று அம்மா சொன்னாள். அதுதானே பேஸ்!

முன்சீட்டுக்கு நல்ல கறுப்பு ரெக்ஸின் கவர், சிவப்புத் தையல். போட்டு ஒரு வாரம் ஆகவில்லை, இந்த இடது சீட்டின் முதுகுப் பக்கத்தில் ஒரு கிழிசல். பாருங்க, உங்க முட்டிக்கு நேராக, பெல்ட் ஓரமா. எல்லாம் அம்மா வேலை. பழைய கவரிலும் அதே இடத்தில்தான் கிழிச்சு வைச்சிருந்தாள். நான் வீடு அதிரக் கத்தினேன். "வளையல் மாட்டிருச்சுடா" என்றாள். அவளுக்குப் பொருள் அருமை தெரியாது. "இவ்வளவு வேலை பாக்குறியே, அந்த லிவரை மட்டும் பாருடா" என்று கேட்டாள். பார்க்கிறேன்னு சொன்னேன். பார்த்திருப்பேன். சின்ன வேலைதானே, எப்ப வேணா பார்க்கலாம்.

எறங்கணுமா? இருங்கக்கா, அண்ணன் இப்ப வந்துருவார். நடுவுல வராதீங்க, கியர்ல புடவை மாட்டும். கதையில் துரோகமே இனிமேல்தான் வருது.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அம்மா திடீரென்று தினமும் காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே மாவு ஆட்டணும் என்று பிந்தி வருகிறவள். இருட்டோடு எழுந்து, மாவை ரெடி பண்ணி வைத்துவிட்டு, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது வேர்த்து ஒழுகும். முகத்தில் ஒரு களை. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன பாவம் என்று எனக்கே பயமாகிவிட்டது. நான் படிப்பை விட்டதற்காகத்தான் வேண்டுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் முட்டி வலி. இடது முட்டி. ராத்திரி எண்ணெய் தேய்ப்பாள். அப்பா தைலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்து, "எவ்வளவு நேரம்டி முழந்தாள்ல நிப்பே? உக்காந்து சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும்" என்றார்.

"நின்னு, உக்காந்து, எல்லாம் சொல்லிப் பாத்தாச்சுங்க" என்றாள் அம்மா.

இடது முட்டி மட்டும் வலிக்குதுன்னா என்ன அர்த்தம்? எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நாள் முழுக்க வண்டியோடு கிடக்கிறவன். எனக்கே புதுசில் கிளட்ச் மிதிச்சு மிதிச்சு அந்த முட்டிதான் வலிச்சுது. தோணவே இல்லை. அம்மாவுக்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம்?

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் காம்பவுண்டில் ஒரு வெள்ளை வண்டி. பழசுதான், ஆனால் துடைத்து மாலை போட்டிருந்தது. அஞ்சு கதவு. யார் வீட்டு வண்டி என்று நானும் அப்பாவும் டயரை எல்லாம் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒட்டுப்போட்ட சட்டை" என்று நான் சொன்னேன், அப்பா சிரித்தார். எங்க கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மந்திரித்துவிட்டுச் சாவியை எடுத்து அம்மா கையில் கொடுக்கிறார்! "எடு சகாயம். சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் எல்லாம் கெடையாது, பாத்துப் போ."

அம்மா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையைச் சொருகினாள். கண்ணாடியைச் சரிபண்ணினாள். ரிவர்ஸ்ல எடுத்தாக்கா! அந்தக் குறுகின கேட்டு வழியா, ஜனத்துக்கு நடுவுல, எதிலும் உரசாம. கோயில் ஜனம் கை தட்டுது. மாவு வித்து வித்து வாங்கியிருக்கிறாள், லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், ஊருக்கே தெரிந்திருக்கிறது. சாமியாருக்குத் தெரியும், டிரைவிங் ஸ்கூல்காரருக்குத் தெரியும், மாவு வாங்குகிற கடைக்காரருக்குத் தெரியும். அதே வீட்டில் இருக்கிற எங்கள் ரெண்டு பேருக்குத் தெரியாது. தவக்காலம் முழுக்கப் பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கா. ஆண்டவர் பேரில் பொய்.

சரி, அப்பா என் பக்கம் நிற்பார்னு பார்த்தேன். நான் முன் கதவைப் பிடிக்கிறேன், உள்ளே ஏற்கனவே அப்பா. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "டிக்கி மேரி இப்ப டிரைவர் மேரி ஆயிட்டாடா!" என்று பல்லைக் காட்டுகிறார். "நான் எங்க உக்கார?" என்றால், "பின்னாடி ஏறுடா, அதான் கதவு இருக்குல்ல" என்கிறார்.

நான். பின்னாடி.

நேரா பிரியாணிக் கடைக்குப் போனோம். வண்டியை நிறுத்தினதும் ரெண்டு பேரும் இறங்கி, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். நான் கதவை இழுக்கிறேன், திறக்கவில்லை. இந்தப் பக்கம் இழுக்கிறேன், திறக்கவில்லை. சைல்டு லாக்! சின்னப் பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்று கதவு ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்குமே, அது. உள்ளே இருந்து என்ன இழுத்தாலும் திறக்காது. கண்ணாடியும் இறங்கவில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கண்ணாடியில் தட்டுகிறேன், கத்துகிறேன். பார்க்கிங்கில் நின்ற ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் குரல் கொடுக்கிறான்: "யாரும்மா வெள்ளை வண்டி? உள்ள புள்ளை அழுவுது!" மீசை வச்ச ஆளைப் பார்த்து, புள்ளை!

அம்மா நிதானமாக வந்து வெளியில் இருந்து கதவைத் திறந்தாள். "ரெண்டு நிமிஷம்தானேடா, அதுக்குள்ள எதுக்கு இப்படி வேர்த்திருக்கே?"

"வேணும்னே போட்டியா?" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? அது உன் தொழிலு. முன்னாடி வச்சிருந்தவங்க போட்டிருப்பாங்க."

நம்பறீங்களா? நான் நம்பலை. நீங்களே சொல்லுங்கக்கா, பெத்த பிள்ளையை வண்டிக்குள்ள மறந்துட்டு ஒருத்தர் சாப்பிடப் போவாங்களா? உள்ளே இருக்கிறவனுக்கு அந்த ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அவங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி வழியாக எல்லாரும் போறாங்க, வர்றாங்க, நம்மளைப் பார்க்கிறாங்க, ஆனா எவனுக்கும் நம்ம தேவையில்லை. அந்த வேதனை அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறலை.

என்ன சிரிக்கறீங்க? கல்யாணக் கதைக்குச் சிரிக்கலை, இதுக்குப் போய்ச் சிரிக்கறீங்க.

பதினெட்டு முடிந்த அன்று அப்பாவிடம் சாவிக்குக் கை நீட்டினேன். மனுஷன் முகத்தையே பார்க்கவில்லை. தாழ்ப்பாள் ஒன்றைத் துடைத்துக்கொண்டே, "வண்டி உங்கம்மா பேர்ல இருக்கேடா" என்கிறார். ராசிக்கு எழுதின பேருக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது. அம்மா, "அதை வித்துரலாம்" என்றாள். நான் கெஞ்சினேன். "நீ ஏறவே வேண்டாம்மா, நான் மட்டும் ஓட்டிக்கறேன்."

"நாளைக்கு உனக்குன்னு ஒருத்தி வருவா. அவ முன்னாடி உக்காருவா. அப்ப நான் எங்கடா உக்கார, மறுபடியும் பின்னாடியா? இல்ல, எனக்குத் தெரியும், பத்து நாள் என்னை முன்னாடி உக்கார வச்சுட்டு, அப்புறம் அவளைப் பின்னாடி தள்ளுவே. வேணாம். யாருமே உக்கார வேணாம்."

இன்னும் வராத ஒருத்திக்காக இருக்கிற மகனைக் கைவிட்டாள். எவ்வளவு அழுதும் கடைசியில் அந்த மூணு பேர் கணக்குக்குத்தான் இறங்கி வந்தாள்.

சரி, சரி, எறங்குங்க. முகமே சிவந்துபோச்சு. முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல? இருங்க, சுத்தி வர்றேன். கம்பியை இழுக்கணும்.

ஐயய்யோ.

ஒண்ணும் இல்லக்கா. பயப்படாதீங்க. கம்பி கையோட வந்துருச்சு. அறுந்துருச்சு. சீட்டு அசைய மாட்டேங்குது. என் சீட்டு மடங்காது. டிக்கியில் பெட்டி இருக்கு, அதை அவுக்க ஸ்பானர் கடையில கெடக்கு. அண்ணனைக் கூப்பிடவா? வேண்டாமா? சிரிப்பாரா? சரி, இருங்க. எங்கம்மாவுக்கே போன் போடறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க.

"அம்மா, லிவர் கம்பி அறுந்துபோச்சும்மா. உள்ள வண்டி பாக்க வந்த அக்கா மாட்டிக்கிட்டாங்க."

"பின்னாடியா உக்காந்திருக்காங்க? ஏன்டா, பொம்பளையக் கண்டா பின்னாடிதான் ஏத்துவீங்களா? எவ்வளவு நேரமா?"

"கொஞ்ச நேரம்தாம்மா. பேசிக்கிட்டு இருந்தோம்."

"நீ பேசிக்கிட்டு இருந்தே. போனை அவங்க பக்கம் காட்டு. தாயி, பயப்படாத. உன் முட்டிக்கு நேரா சீட்டு முதுகுல ஒரு கிழிசல் இருக்கும் பாரு. அதுக்குள்ள ரெண்டு விரலை விடு. சாவி வளையம் ஒண்ணு தட்டுப்படும். அதைப் பிடிச்சு மேல இழு. நல்லா இழு."

டக்.

வந்துருச்சு! கையைக் குடுங்கக்கா. மெதுவா. தலை பத்திரம்.

"அம்மா, அந்த வளையம் எப்படிம்மா அங்க?"

"நான்தான் கட்டினேன். நம்ம கடை வளையம்தான். வேடசந்தூர்க் கல்யாணத்துக்கு மறுவாரமே கட்டிட்டேன். நீ அது மேலயே புதுக் கவரு போட்டப்ப மறுபடியும் கிழிக்க வேண்டியதாப் போச்சு."

"அப்ப அன்னையில இருந்து உனக்கு உள்ள இருந்தே எறங்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கும்மா ஒவ்வொரு தடவையும் உக்காந்திருந்தே? நாங்க கடைக்குள்ள போயி, டீக்குடிச்சு, ஆளு கூப்பிட்டு, அப்புறமால்ல வந்து தொறப்போம்?"

"பாப்பேன்டா. இன்னைக்காச்சும் யாருக்காவது தானா ஞாபகம் வருதான்னு பாப்பேன்... கடைக்காரர் மாவு கேக்குறாரு. வைக்கிறேன்."

கேட்டீங்களா? கேட்டீங்களாக்கா? இதுக்குப் பேர் என்ன? பத்து வருஷத்துக்கு மேல! தெரிஞ்சுக்கிட்டே ஒரு மனுஷி உட்கார்ந்திருந்திருக்கா. நாங்கதான் திறந்துவிடறோம், நாங்கதான் திறந்துவிடறோம்னு அப்பா எத்தனை பேர்கிட்ட பெருமையாச் சொல்லியிருப்பார். மழையில் குனிந்து அந்தக் கம்பியை எத்தனை தடவை இழுத்திருப்பேன். ஒரு வார்த்தை, "எனக்கே வரும்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சும்மா உட்கார்ந்து எங்களுக்குப் பரீட்சை வச்சிருக்கா. பள்ளிக்கூடத்தில் வைத்த பரீட்சைக்கே நான் நிற்காதவன். பரீட்சை நடக்குதுன்னே தெரியாம பெயிலாகியிருக்கேன். பூசை பொய், முட்டி பொய், வளையல் மாட்டினதும் பொய். இப்ப சொல்லுங்க, யாருக்கு யார் துரோகம் பண்ணினது?

சரி விடுங்க. அதோ அண்ணன் வர்றார். மெக்கானிக் சாப்பாட்டுக்குப் போயிட்டார் போல, தனியாத்தான் வர்றார். நான் கேட்டது ஞாபகம் இருக்குல்ல? ஒரே வார்த்தை.

அக்கா, அது முன்சீட்டு. நீங்க... சரி, உக்காருங்க. உங்க இஷ்டம். ஆனா அண்ணன் எங்க உக்காருவார்?

அண்ணே, அக்கா முன்னாடி வர்றாங்களாம். நீங்க பின்னாடி ஏறிக்கங்க. ஆமாண்ணே, இப்படித்தான், சீட்டை இப்படி மடக்கிட்டு. குனிஞ்சு, இடுப்பை முதல்ல உள்ள விடுங்க. தலை பத்திரம். பழகிரும். முட்டி இடிக்குதா? எல்லாருக்கும் இடிக்கும்ணே. கண்ணாடியா? இறங்காது. அந்தக் கொக்கியை வேணா தள்ளிப் பாருங்க. எறங்கறது எப்படியா? அது நாங்க வந்து திறந்து விடுவோம்.

என்னக்கா, எங்க போகச் சொல்றீங்க? வத்தலக்குண்டு வரைக்குமா? இந்த உச்சி வெயிலிலேயா? போயிட்டு வந்ததுக்கு அப்புறம் வாங்கலாமா வேண்டாமான்னு அண்ணனே சொல்லட்டும்னு சொல்றீங்களா?

அப்படின்னா வண்டி எனக்குத்தான்க்கா! பின்னாடி உக்காந்த யாரும் இதை வாங்கினதே இல்லை.

என்னக்கா, ஏன் அப்படிப் பார்க்கறீங்க?